பஞ்சு வைத்த சிகரெட்டிலிருந்து வேப் வரை: 'ஆபத்து குறைவு' என்ற சொல்லின் வரலாறு

1967-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு சோதனைக்கூடத்தைத் திறந்தது. அங்கே சிகரெட் பிடித்தது மனிதர்கள் இல்லை, ஒரு இயந்திரம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் 2 விநாடி, 35 மில்லிலிட்டர் புகை. அந்தப் புகை ஒரு வடிகட்டித் தாள் வழியாகப் போகும். தாளில் படிந்த தாரை எடை போடுவார்கள். இந்த பிராண்டில் இத்தனை மில்லிகிராம் தார், இத்தனை மில்லிகிராம் நிகோட்டின் என்று கணக்கு வெளிவரும். கம்பெனிகள் அதை விளம்பரத்தில் போட்டன. மக்கள் எண் குறைவாக இருந்த பிராண்டாகப் பார்த்து வாங்கினார்கள்.

ஆனா மனுஷன் இயந்திரம் மாதிரி புகைக்கிறதில்லை. அவனுக்கு வேண்டியது நிகோட்டின். அது குறைந்தால் இன்னும் ஆழமாக இழுப்பான், நிமிடத்துக்கு ரெண்டு தடவை இழுப்பான், கூட ஒரு சிகரெட் பற்றவைப்பான். எண் மட்டும்தான் குறைந்தது. நுரையீரலுக்குப் போனது பெரிதாகக் குறையவில்லை.

வேப் பற்றி இன்று நடக்கும் விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்த இயந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கம், "சிகரெட்டை விட வேப் ஆபத்து குறைவு" என்கிறார்கள். அது உண்மை. இன்னொரு பக்கம், "வேப் பிள்ளைகளை நிகோட்டினுக்கு அடிமையாக்குகிறது" என்கிறார்கள். அதுவும் உண்மை. இரண்டும் உண்மை என்றால் சண்டை எதற்கு? 'குறைவு' என்ற சொல்லுக்கு ஒரு ஒப்பீடு வேண்டும். யாருக்குக் குறைவு? நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிற ஐம்பது வயதுக்காரருக்கா, இதுவரை எதையும் தொடாத பதினைந்து வயதுப் பையனுக்கா? இந்தக் கேள்வியைச் சொல்லாமல் விட்டுவிட்டே எழுபது வருடமாக வியாபாரமும் நடந்திருக்கிறது, சட்டமும் எழுதப்பட்டிருக்கிறது.

பஞ்சு வந்த கதை

1950-இல் அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் இருவரும், பிரிட்டனில் டால், ஹில் இருவரும் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகளைத் தனித்தனியாக வெளியிட்டார்கள். 1952 கடைசியில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதை எழுதியதும் விஷயம் டாக்டர்களின் வட்டத்தைத் தாண்டி வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. 1953 டிசம்பரில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிக்கை வந்தது. ஆய்வுகள் முடிவானவை அல்ல, மக்களின் உடல்நலமே எங்கள் முதல் பொறுப்பு, நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம்.

வாயால் மறுத்துக்கொண்டே கையால் இன்னொரு வேலையையும் செய்தார்கள். அதுதான் ஃபில்டர், நம்மூர்ப் பேச்சில் பஞ்சு. 1950-இல் அமெரிக்காவில் விற்ற சிகரெட்டுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூடப் பஞ்சு கிடையாது. 1960 வாக்கில் ஏறத்தாழ பாதி பஞ்சு வைத்தவை. ஆபத்தே இல்லை என்று சொல்லுகிறவன் எதற்குப் பஞ்சு வைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. பயந்துபோன புகைப்பாளி விட்டுவிடாமல் இருக்க ஒரு படிக்கட்டு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் கொடுமையான வேடிக்கை கெண்ட் சிகரெட். லோரிலார்ட் கம்பெனி 1952-இல் 'மைக்ரோனைட்' என்ற ஃபில்டரோடு இதைக் கொண்டுவந்தது. உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு என்றே விற்றார்கள். அந்த ஃபில்டரில் இருந்தது குரோசிடோலைட், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ். புற்றுநோய் உண்டாக்கும் நார்களில் மிக மோசமானவற்றில் ஒன்று. 1956 வரை அதே பஞ்சுதான். புற்றுநோய்க்குப் பயந்து பிராண்ட் மாற்றியவர்கள் நாலு வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் வழியாகப் புகை இழுத்தார்கள்.

'லைட்'

பிரிட்டனில் ராயல் மருத்துவர் கல்லூரி 1962-லும், அமெரிக்காவில் தலைமை மருத்துவர் லூதர் டெரி 1964 ஜனவரி 11 அன்றும் அறிக்கை வெளியிட்டார்கள். டெரியின் அறிக்கை ஒரு சனிக்கிழமை வந்தது. பங்குச் சந்தை மூடியிருக்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இனிமேல் வெறும் பஞ்சு போதாது. 'லோ தார்', 'லைட்', 'அல்ட்ரா லைட்' என்று ரகங்கள் வந்தன.

இவற்றின் சூட்சுமம் ரொம்ப எளிது. ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டி குட்டி ஓட்டைகள். இயந்திரம் இழுக்கும்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று கலக்கும், புகை நீர்க்கும், எண் இறங்கும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்த ஓட்டைகளையே மூடிவிடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001-இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, இந்த மாற்றங்களால் நோய் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. 2014 தலைமை மருத்துவர் அறிக்கை ஒரு படி மேலே போனது: சிகரெட்டின் வடிவமைப்பில் வந்த மாற்றங்களால், அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து 1960-களுக்குப் பிறகு கூடியிருக்கிறது.

2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கத்துக்கு மேல் நீளும் தீர்ப்பில், 'லைட்' என்ற பெயரே மக்களை ஏமாற்றுவதுதான், கம்பெனிகளுக்கு அது தெரிந்தே இருந்தது என்று எழுதினார். 2010-இல்தான் அந்தச் சொல் அமெரிக்கப் பாக்கெட்டுகளிலிருந்து போனது.

இந்த ஏமாற்றத்தைச் சந்தித்த ஒரு தலைமுறை டாக்டர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 'ஆபத்து குறைந்த புகை' என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது என்பது அவர்கள் கற்ற பாடம். வேப் வந்தபோது அவர்கள் கோபப்பட்டதற்கு இந்தப் பின்னணி உண்டு.

புகையையும் நிகோட்டினையும் பிரிப்பது

பிரிட்டனில் வேறொரு பாடம் கற்றார்கள். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனை மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-இல் எழுதியதன் சாரம்: மனிதர்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள். அப்படியானால் நிகோட்டினைக் கொடுத்துவிட்டுப் புகையை எடுத்துவிட்டால்? நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை எல்லாம் இந்த எண்ணத்தின் வழியில் வந்தவைதான்.

கருவி செய்ய முயன்றவர்களும் உண்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இல் புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1965-இல் கிடைத்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் 1988-இல் 'பிரீமியர்' என்று, புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. அடுத்த வருஷமே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2003-இல் சீன மருந்தாளர் ஹான் லிக் செய்த கருவிதான் நிலைத்தது. அவரே கடுமையான புகைப்பாளி. நிகோட்டின் கலந்த திரவத்தை ஆவியாக்குவதுதான் அடிப்படை. எரிவது எதுவும் இல்லை, அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. 2006, 2007 வாக்கில் அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

லைட் சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். லைட்டில் எண் மட்டும் மாறியது. இதில் எரிதல் என்ற வேதிவினையே இல்லாமல் போனது. ஆகவே சிகரெட்டை விட ஆபத்து குறைவு என்ற வாதம் இந்த முறை வெறும் பொய் இல்லை. எவ்வளவு குறைவு என்பதில்தான் சிக்கல். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை "சுமார் 95 சதவீதம் ஆபத்து குறைவு" என்றது. இந்த எண்ணுக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று 2014-இல் வெளியான ஒரு கட்டுரை. பன்னிரண்டு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, பன்னிரண்டு வகை நிகோட்டின் பொருட்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். சிகரெட்டுக்கு ஏறத்தாழ 100, இ-சிகரெட்டுக்கு 4. நோயாளிகளைப் பின்தொடர்ந்து கண்டறிந்த எண் இல்லை, நிபுணர்களின் மதிப்பீடு. லான்செட் இதழ் தலையங்கமே எழுதிக் கண்டித்தது. ஆனாலும் ராயல் மருத்துவர் கல்லூரி 2016-இல், நீண்டகால ஆபத்து சிகரெட்டின் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்ற நிலையையே எடுத்தது.

விட உதவுமா என்ற கேள்விக்கு 2019-இல் ஒரு நல்ல சோதனையின் முடிவு வந்தது. பிரிட்டனில் புகையை விட விரும்பிய 886 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் இ-சிகரெட் குழுவில் 18 சதவீதம், பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்ற குழுவில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே ஆய்வின் இன்னொரு எண்ணை வேப் ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை: அப்படி விட்டவர்களில் இ-சிகரெட் குழுவில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு குழுவில் பட்டை, சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். சிகரெட் போனது, நிகோட்டின் தங்கிவிட்டது.

சட்டத்தின் இடைவெளியில் பிறந்த ஜூல்

அமெரிக்காவில் 1998-இல் 46 மாநிலங்களும் பெரிய கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் 25 வருடங்களுக்கு ஏறத்தாழ 20,600 கோடி டாலர் பேசி முடித்தார்கள். பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரம், கார்ட்டூன் எல்லாம் நின்றன. லட்சக்கணக்கான உள் ஆவணங்கள் பொதுவுக்கு வந்தன. 2009 ஜூனில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் சிகரெட்டை முதன்முறையாக எஃப்.டி.ஏ. கையில் கொடுத்தது. சிகரெட்டில் பழச்சுவை, மிட்டாய்ச்சுவை கூடாது என்றும் ஆனது. மென்தாலை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இ-சிகரெட் இந்தச் சட்டத்தில் நேரடியாக இல்லை. எஃப்.டி.ஏ. அதை மருந்துக் கருவி என்று சொல்லித் தடுக்கப் பார்த்தது. 2010 டிசம்பரில் நீதிமன்றம், நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்காதவரை அது புகையிலைப் பொருள்தான் என்றது. அப்படி அறிவிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 8-இல். நடுவில் ஐந்தரை வருடம் யாரும் கேட்பாரில்லை.

அந்த இடைவெளியில், 2015 ஜூனில் ஜூல் வந்தது. ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு பட்டதாரிகள் செய்தது. புகைப்பாளிகளைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்பது அவர்கள் வாதம். வழக்குகளால் வெளியே வந்த அந்தப் பழைய கம்பெனி ஆவணங்களைப் படித்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டதாக மான்சீஸே சொல்லியிருக்கிறார். கம்பெனிகளைத் தண்டிக்கத் திறந்த அலமாரி அடுத்த கம்பெனிக்குப் பாடப்புத்தகம் ஆனது.

ஜூலின் புதுமை வேதியியலில் இருந்தது. சாதாரண நிகோட்டின் அளவு கூடினால் தொண்டையைக் கீறும், இருமல் வரும். அதுவே ஒரு இயற்கையான வேலி. புதிதாகத் தொடங்கும் பிள்ளையை முதல் இழுப்பிலேயே விரட்டிவிடும். ஜூல் அதில் பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பு வடிவமாக்கியது. தொண்டைக்கு வலிக்காது. அதனால் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் வரை நிகோட்டின் வைக்க முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 20. மாம்பழச்சுவை, புதினாச்சுவை உண்டு. பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரி. லேப்டாப்பில் சொருகி சார்ஜ் போடலாம். மேஜையில் கிடந்தால் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. தொடக்க விளம்பரங்களில் இருந்தவர்கள் இளம் மாடல்கள்.

தேசிய மாணவர் புகையிலைக் கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் 2011-இல் 1.5 சதவீதம். 2017-இல் 11.7. 2018-இல் 20.8. 2019-இல் 27.5. நாலில் ஒருவருக்கு மேல். 2018 டிசம்பரில் மார்ல்பரோவை விற்கும் ஆல்ட்ரியா, 1,280 கோடி டாலருக்கு ஜூலின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. "சிகரெட்டை ஒழிக்க வந்தோம்" என்றவர்களிடம் சிகரெட் கம்பெனி பங்காளியானது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து? மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் நிகோட்டின் பழகினால் அடிமைத்தனம் சீக்கிரம் பிடிக்கும், கவனமும் மனநிலையும் பாதிக்கும். 'சிகரெட்டை விடக் குறைவு' என்ற ஒப்பீடு இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களில் பலர் சிகரெட்டிலிருந்து வந்தவர்கள் அல்ல. இவர்களுக்கு ஒப்பீடு சுத்தமான காற்றோடுதான். அதே நேரம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: இந்த வருடங்களில் அதே மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் கூடவில்லை, 2011-இல் 15.8 சதவீதமாக இருந்தது 2019-இல் 5.8 ஆனது. வேப் கட்டாயம் சிகரெட்டில் கொண்டுபோய் விடும் என்று பயந்தவர்கள் இந்த எண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பயமும் ஓட்டையும்

2019 கோடையில் இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பதிவானார்கள், 68 பேர் இறந்தார்கள். பலர் நல்ல திடகாத்திரமான பிள்ளைகள். முக்கியக் காரணம் கள்ளச்சந்தைக் கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்று தெரியவந்தது. கடையில் விற்ற சாதாரண நிகோட்டின் வேப் இல்லை. ஆனால் செய்தியில் பதிந்தது 'வேப்பிங் மரணம்' என்பதுதான். உண்மையான பிரச்சினையான நிகோட்டின் அடிமைத்தனம் பின்னால் போய், உடனடி மரணம் முன்னால் வந்தது.

2020 ஜனவரியில் எஃப்.டி.ஏ. பழச்சுவைக் குப்பிகள் மீது நடவடிக்கை அறிவித்தது. அறிவிப்பு குப்பி மாற்றும் ரகங்களுக்கு. ஒருமுறை இழுத்துவிட்டுத் தூக்கிப்போடும் ரகங்களுக்கு விலக்கு. அப்புறம் என்ன, மாணவர்கள் ஜூலை விட்டுவிட்டு 'பஃப் பார்' பக்கம் போனார்கள். பஞ்சில் ஓட்டை போட்ட காலத்திலிருந்து சட்டத்தில் ஓட்டை தேடுவது வரை ஒரே கைவேலை.

பிரிட்டனும் தப்பவில்லை. நிகோட்டின் வரம்பு 20, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, விளம்பரக் கட்டுப்பாடு எல்லாம் இருந்ததால் ஜூல் அலை அங்கே அடிக்கவில்லை. ஆனால் 2021-க்குப் பிறகு மிட்டாய் நிறத்தில், மலிவு விலையில் எல்ஃப் பார் போன்ற தூக்கியெறியும் வேப்கள் பெட்டிக்கடை வரை வந்தன. 2023 கணக்கெடுப்பில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் ஒருமுறையாவது இழுத்துப் பார்த்திருந்தார். பத்து லட்சம் புகைப்பாளிகளுக்கு வேப் கருவி தரும் திட்டத்தை அரசு அறிவித்ததும் அதே வருடம்தான். 2025 ஜூன் 1 முதல் தூக்கியெறியும் ரகங்களை விற்கத் தடை வந்தது. பெரியவர்களை மட்டும் நினைத்து எழுதிய கொள்கைக்குப் பிள்ளைகளைக் கவனிக்கப் பத்து வருடம் பிடித்தது.

இந்தியா எடுத்த மூன்றாவது வழி

2019 செப்டம்பர் 18 அன்று இந்தியா அவசரச் சட்டம் போட்டு இ-சிகரெட்டை முழுக்கத் தடை செய்தது. டிசம்பரில் அது சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதுவும் கூடாது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்துவது மட்டும் குற்றமில்லை.

பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் இந்தத் தடைக்கு நியாயம் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிக் கழிப்பறைகளில் நடந்ததை இங்கே அனுமதிக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 2016-17 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் புகைப்பவர்கள் ஏறத்தாழ 10 கோடி. வயது வந்தவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். எரிகிற பொருள் இரண்டும் தெருமுனைக் கடையில், சிகரெட் ஒற்றையாகக்கூட, கிடைக்கிறது. எரியாத பொருளுக்குச் சிறை. அமெரிக்கா பிள்ளையைக் கவனிக்கத் தாமதித்தது, பிரிட்டனும் தாமதித்தது. இந்தியா பிள்ளையை நினைத்துச் சட்டம் போட்டது, பீடி பிடிக்கும் கொத்தனாரை மறந்துவிட்டது. அவருக்கு வேப் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட நினைத்தால் அவருக்கு நிகோட்டின் பட்டையோ ஆலோசனையோ எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தோன்றுவது

இந்த எழுபது வருடக் கதையைப் படித்த பிறகு, 'ஆபத்து குறைவு' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. யாரோடு ஒப்பிட்டு? அளந்தது இயந்திரமா, மனித உடம்பா? உண்மையில் வாங்கப்போவது யார்? முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் பிரிட்டன் மிட்டாய்ச்சுவையை முன்பே தடுத்திருக்கும். இரண்டாவதைக் கேட்டிருந்தால் லைட் சிகரெட் நாற்பது வருடம் ஓடியிருக்காது. மூன்றாவதைக் கேட்டிருந்தால் ஜூலுக்கு அந்த இடைவெளி கிடைத்திருக்காது.

சரியான சட்டம் ஒரே நேரத்தில் இரண்டு பேரை மனதில் வைத்து எழுதப்பட வேண்டியது. புகைப்பாளிக்கு வெளியேற ஒரு கதவு, பிள்ளைக்கு நுழைய முடியாத கதவு. முடியாத காரியம் இல்லை. 2024-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேப் பயன்பாடு 7.8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. விற்கும் வயதை 21 ஆக்கியது, சுவைகள் மீதான கெடுபிடி, வழக்குகள், பிரச்சாரம் எல்லாம் நடந்த வருடங்கள் இவை. அதன் பிறகு 2025 ஜூலையில் எஃப்.டி.ஏ. ஜூலுக்கே அனுமதி கொடுத்தது, புகையிலைச்சுவைக்கும் மென்தாலுக்கும் மட்டும். பத்து வருடம் முன்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் சந்தைக்கு வந்த பொருள், கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு திரும்பி வந்திருக்கிறது.

இதற்கிடையில் அடுத்த பொருளும் வந்துவிட்டது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் நிகோட்டின் பொட்டலம். புகையும் இல்லை, ஆவியும் இல்லை. 'ஸின்' என்ற பெயரில் விற்கும் இதன் இருபது ரகங்களுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. இப்போது அதை வைத்திருப்பது பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல். இதுவும் சிகரெட்டை விட ஆபத்து குறைவுதான், சந்தேகமில்லை. வாங்கப்போவது யார் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.